வல்லுப் பலகையும் வீட்டு விறாந்தையும்



2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்ட காலம் அது. எங்கள் வீட்டில் மாலை ஆறரைக்கு விளக்கு அணையும். கைத்தொலைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துப்போகும். தொலைக்காட்சி ஊமையாகும். அப்போது பன்னிரண்டு வயதாயிருந்த மகளும் எட்டு வயதாயிருந்த மகனும் இருட்டிலே என் முகத்தைப் பார்ப்பார்கள்.

“அப்பா, இண்டைக்கு என்ன செய்யிறது?”

பாடஞ் சொல்லிக்கொடுத்தே இருபது ஆண்டுகளைக் கழித்த எனக்கு இந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. ரொறொன்ரோவில் வாழும் உறவினர் ஒருவர் முன்பு அனுப்பிய ‘மொனோபொலி’ப் பெட்டியொன்று அலுமாரியின் மேல்தட்டிற் கிடந்தது. அதனைத் தூசு தட்டி எடுத்தேன். மேசையில் மெழுகுதிரி ஏற்றி நால்வரும் உட்கார்ந்தோம். முதல் ஒரு மணித்தியாலம் மகிழ்ச்சியாகவே கழிந்தது. பிறகு மகள் நிலங்களையெல்லாம் வாங்கி வீடுகளைக் கட்டத் தொடங்கினாள். மகன் கால்வைத்த இடமெல்லாம் வாடகை கொடுத்தான். கையிலிருந்த கடைசிக் காகிதப் பணமும் போனதும் அவன் ஆட்டத்திலிருந்து நீக்கப்பட்டான். நாங்கள் மூவரும் இன்னும் ஒரு மணித்தியாலம் ஆட, அவன் கதிரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதபடி இருந்தான்.

“தம்பி, இது விளையாட்டுத்தானே, ஏன் அழுகிறாய்?” என்று கேட்டேன்.

“விளையாட்டெண்டால் ஏன் என்னை வெளியில விட்டனீங்கள்?” என்றான்.

குடும்பத்தவர் கூடியிருந்து ஆடுவதற்கு ஏற்ற பலகையாட்டம் எது என்ற ஆராய்ச்சியை எனக்குள் தொடக்கிவைத்தது அந்தச் சிறுவனின் கேள்வியே. விடை தேடிப் புறப்பட்ட நான் வரலாற்றினுள்ளும் இலக்கியத்தினுள்ளும் சற்றுத் தூரம் செல்ல நேர்ந்தது. அந்தப் பயணத்தில் கண்டவற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

மனிதன் கோடுகீறிக் காய் நகர்த்தத் தொடங்கியது மிகப் பழங்காலத்திலாகும். 1920களில் லெனாட் வூலி என்ற அகழ்வாராய்ச்சியாளர், இன்றைய ஈராக்கிலுள்ள ஊர் என்ற பழம்பதியின் அரச கல்லறைகளைத் தோண்டினார். பொன்னுக்கும் மணிக்கும் நடுவே, சிப்பியும் நீலக்கல்லும் பதித்த ஆட்டப் பலகைகள் அவருக்குக் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் 20 கட்டங்கள் இருந்தன. அவற்றின் வயது ஏறத்தாழ 4,500 ஆண்டுகள். பலகை கிடைத்தும் ஆடும் முறை தெரியாதிருந்த நிலையில், பாபிலோனிய வானியல் எழுத்தர் ஒருவர் கி.மு. 177இல் களிமண் ஏட்டிற் பொறித்து வைத்த விதிகளைப் பிரித்தானிய நூதனசாலை அறிஞர் ஏர்விங் ஃபிங்கல் படித்தறிந்தார். தென்னிந்தியாவின் கொச்சியில் வாழ்ந்த யூதக் குடும்பங்களில், அந்த ஆட்டத்தின் வழிவந்ததெனக் கருதத்தக்க இருபது கட்ட ஆட்டமொன்று 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆடப்பட்டு வந்தது என்பதும் அவருடைய தேடலிலே தெரியவந்தது. பேரரசுகள் பல மண்ணாகிப்போன காலமெல்லாம் கடந்து, வீட்டுப் பெண்களின் மடியிலும் பாயிலும் அந்த ஆட்டம் உயிர் பிழைத்திருக்கிறது.

எகிப்தியரிடம் ‘செனற்’ என்ற ஆட்டம் இருந்தது. மூன்று வரிசையில் வரிசைக்குப் பத்தாக 30 கட்டங்கள். 1922இல் கண்டுபிடிக்கப்பட்ட துட்டன்காமன் மன்னனின் கல்லறையில் அதற்கான பலகைகள் வைக்கப்பட்டிருந்தன. நெஃபெர்ட்டாரி அரசியின் கல்லறைச் சுவரில் அவள் அவ்வாட்டத்தை ஆடும் ஓவியம் இன்றும் காணக்கிடைக்கிறது. இறந்தவர் மறுவுலகம் செல்லும் வழியையே அந்தக் கட்டங்களில் அவர்கள் கண்டார்கள்.

நமது துணைக்கண்டத்துக்கு வருவோம். சிந்துவெளி நகரங்களான மொகெஞ்சதாரோ, ஹரப்பா ஆகிய இடங்களில் கனசதுரக் கவறுகள் கிடைத்துள்ளன. இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 34ஆம் பாடலாக அமைந்திருப்பது சூதாடி ஒருவனின் புலம்பலாகும். அவன் உருட்டியது தான்றிக் காய்களை. மனைவி வெறுக்கிறாள், தாய் கலங்குகிறாள். ஆயினும் காய்களின் ஓசை கேட்டதும் அவனது கால்கள் அரங்கை நோக்கி நடக்கின்றன. மகாபாரதத்தின் பேரழிவுக்கு வித்திட்டது ஒரு கவறாட்டம். வில்லிபுத்தூரார் அதனைச் சூதுபோர்ச் சருக்கமாகப் பாடினார். 1912இல் முதற்பாகம் வெளிவந்த பாரதியாரின் பாஞ்சாலி சபதத்தில் அது சூதாட்டச் சருக்கமாயிற்று. புகழேந்திப் புலவரின் நளவெண்பாவில் நளன் நாடிழந்து காடேகியதும் கவறாலேதான். திருவள்ளுவரோ 94ஆம் அதிகாரத்தைச் சூதுக்கே ஒதுக்கி, வெற்றி கிடைப்பதாயினும் அதனை நாடவேண்டாம் என்று தொடங்குகிறார்.

இவற்றையெல்லாம் படிப்பிக்கும்போது மாணவர் சிலர், “அப்படியென்றால் தமிழர் பலகையாட்டத்தையே வெறுத்தவர்களா, சேர்?” என்று கேட்பதுண்டு. இல்லை என்பதற்கு அதே திருக்குறள் சான்று. 401ஆம் குறளில், நிரம்பிய நூலறிவின்றி அவையிற் பேச முற்படுபவனை, கட்டம் வகுக்காமல் வட்டாட முற்படுபவனுக்கு வள்ளுவர் ஒப்பிடுகிறார். விளையாட்டுக்கு அரங்கு எப்படியோ, பேச்சுக்குக் கல்வி அப்படி. வெறுக்கத்தக்க ஒன்றைக் கல்விக்கு உவமையாக்க அவர் துணிந்திருக்க மாட்டார். பாண்டவர் கதையை மீண்டும் எண்ணிப் பாருங்கள். அவர்களும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள்தாம். ஒரே கூரையின் கீழ்ப் பெரியப்பன் மக்களும் சித்தப்பன் மக்களும் கூடியிருந்து ஆடியதில் என்ன பிழை? அந்தக் கூடத்தை நரகமாக்கியது அங்கே வைக்கப்பட்ட பந்தயமே அல்லாமல் பலகை அன்று. நாடும் தம்பியரும் மனைவியும் பணயமான கணத்தில் அது விளையாட்டு என்ற பெயரை இழந்துவிட்டது.

இனி, தமிழாசிரியன் என்ற முறையில் என் மனத்துக்கு மிக நெருக்கமான ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். பழந்தமிழர் ஆடிய பலகையாட்டத்துக்கு ‘வல்’ என்று பெயர். தொல்காப்பியம் எழுத்ததிகாரத்துப் புள்ளிமயங்கியலில், அந்தச் சொல் வேறு சொற்களுடன் புணரும் முறையைக் கூறுகையில், ‘நாய்’, ‘பலகை’ என்ற இரு சொற்களுடன் அது சேரும் விதத்தைத் தனியாக எடுத்துரைக்கிறது. வல்லப்பலகை என்றால் ஆட்டப் பலகை. வல்லநாய் என்றால் அந்தப் பலகையில் வைக்கும் காய். ஒரு சொற்சேர்க்கைக்கு இலக்கணம் வகுக்கவேண்டியிருந்ததென்றால், அது மக்கள் நாவில் எவ்வளவு தூரம் புழங்கியிருக்கவேண்டும்! இலக்கண நூலை வறண்ட நூல் என்று சொல்வோர் இந்த இடத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும்.

காயை நாய் என்று அழைத்தது நம்மவர் மட்டுமன்று. பண்டைக் கிரேக்கரும் தமது பலகையாட்டமொன்றின் காய்களை நாய்கள் என்றே வழங்கினர். எகிப்தின் தீபஸ் நகரக் கல்லறையொன்றிலிருந்து எடுக்கப்பட்டு இப்போது நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் நூதனசாலையில் இருக்கும் பலகையின் காய்கள், நாய்த் தலையும் நரித் தலையும் செதுக்கிய ஊசிகளாகும். அதற்கு ஏறத்தாழ 3,800 வயது. துரத்துவதும் பிடிப்பதும் தப்புவதும் ஆட்டத்தின் உயிராகையால், வேட்டை நாயின் பெயர் பல நாட்டாருக்கும் இயல்பாகத் தோன்றியிருக்கலாம்.

இந்த ‘வல்’ பற்றிய மறக்கமுடியாத காட்சி புறநானூற்றின் 52ஆம் பாடலில் வருகிறது. பாடியவர் மருதன் இளநாகனார். பாடப்பட்டவன் பாண்டியன் மாறன் வழுதி. அவன் போர்மேற் சென்றால் பகைவர் ஊர்கள் என்னாகும் என்பதைப் புலவர் ஓர் ஊர்ப் பொதியிலைக் காட்டி உணர்த்துகிறார். தூணில் உறைந்த தெய்வம் அதைக் கைவிட்டுப் போய்விட்டது. பலியிடுவார் இல்லை. அந்த மன்றத்தின் தரையிலே, நரைத்த முதியோர் நாள்தோறும் இருந்து காய் வைத்து ஆடியதால் விழுந்த குழிகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. அந்தக் குழிகளில் காட்டுக்கோழி முட்டையிட்டு வைத்திருக்கிறது.

போரைப் பற்றிப் பாடப் புகுந்த புலவர் இரத்தத்தைக் காட்டவில்லை. எரியும் வீட்டைக் காட்டவில்லை. ஆடுவாரற்ற ஆட்டக் குழியைக் காட்டினார். உயர்தர வகுப்பில் புறநானூறு படிப்பிக்கும் போதெல்லாம் இந்தப் பாட்டை எடுத்துக்கூறுவேன். அதனை நான் முதலில் விளங்கிக்கொண்டது நூலிலிருந்தா, வாழ்க்கையிலிருந்தா என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

இடைக்காலத்தில் நமது ஆட்டங்கள் உலகைச் சுற்றிவந்தன. ஏறத்தாழ கி.பி. 6ஆம் நூற்றாண்டளவில் வட இந்தியாவில் வழங்கிய சதுரங்கம், பாரசீகம் போய் அராபியரிடம் சேர்ந்து ஐரோப்பாவை அடைந்தது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், அரசனுக்கு அருகே நின்ற மந்திரி அங்கே அரசியாகி, பலகை முழுதும் பாயும் ஆற்றலைப் பெற்றாள். தமிழகத்தில் நீடாமங்கலத்தை அடுத்த திருப்பூவனூரில் இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்பது திருநாமம். அரசகுமாரியொருத்தியைச் சதுரங்கத்தில் வென்று மணந்தார் என்பது அத்தலத்தின் ஐதிகம்.

சோகிகளை உருட்டி ஆடும் ‘பச்சீசி’ என்ற ஆட்டத்தின் பெயருக்கு இருபத்தைந்து என்பது பொருள். ஒரே எறியில் கிடைக்கக்கூடிய மிகப்பெரிய எண் அது. பத்தேபூர் சிக்ரி அரண்மனை முற்றத்தில் அதன் கட்டங்களைத் தரையிலேயே காணலாம். அங்கே அக்பர் மன்னர் ஆட்களையே காய்களாக நிறுத்தி ஆடினார் என்ற கதை வழங்கிவருகிறது. ஆங்கிலேயர் இதனை எளிமையாக்கி, 1896இல் ‘லூடோ’ என்ற பெயரில் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றனர். லூடோ என்பது ‘நான் விளையாடுகிறேன்’ எனப் பொருள்தரும் இலத்தீன் சொல்லாகும். ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காக வைணவ இல்லங்களில் ஆடப்பட்ட பரமபத சோபனமும் 1890களில் ‘பாம்பும் ஏணியும்’ என்று இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. பாவத்தாற் சறுக்கி, புண்ணியத்தால் ஏறி, இறுதியில் வீடுபேறு அடைவதே பழைய பலகையின் பொருள். அங்கே போனபின் பரமபதம் வெறும் 100 என்ற எண்ணாகச் சுருங்கிற்று. நமது பாட்டன் பாட்டி கட்டிய ஆட்டங்களைப் பெட்டியில் அடைத்து வெளிநாட்டார் அனுப்ப, நாம் அவற்றைக் கடையிற் காசு கொடுத்து வாங்கி, பிள்ளைகளுக்குப் பிறந்தநாட் பரிசாகக் கொடுத்தோம்.

என் மகனை அழவைத்த மொனோபொலிக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கப் பெண்மணியான எலிசபெத் மாகி 1904இல் ‘நிலவுடைமையாளர் ஆட்டம்’ என ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு சிலர் நிலத்தையெல்லாம் தமதாக்கிக்கொள்வதால் மற்றவர் எவ்வாறு வறியவராகின்றனர் என்பதை மக்களுக்கு உணர்த்துவதே அவருடைய நோக்கம். காலப்போக்கில் அது பலர் கைமாறி, 1935இல் பாக்கர் சகோதரர் கம்பனியால் மொனோபொலியாக வெளியிடப்பட்டது. மாகி அம்மையாருக்குக் கிடைத்தது 500 டொலர். எதனைத் தீமை என்று காட்ட அவர் பலகை வரைந்தாரோ, அதனையே வெற்றி என்று உலகம் ஆடத் தொடங்கிற்று. என் எட்டு வயது மகன் அழுதபோது, அந்த அம்மையார் சொல்லவிரும்பிய பாடத்தை அவன் மட்டுமே சரியாகப் படித்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஜேர்மனியில் 1979ஆம் ஆண்டு தொடக்கம் ஆண்டுதோறும் சிறந்த ஆட்டத்துக்குப் பரிசு கொடுத்து வருகின்றனர். பற்கட்டுத் தொழில் செய்த கிளவுஸ் டொய்பர் என்பவர் ஆக்கிய ‘கற்றான்’ 1995இல் அப்பரிசைப் பெற்றது. அந்த வழிவந்த ஆட்டங்களிற் பெரும்பாலானவற்றில் எவரும் இடையில் வெளியேற்றப்படுவதில்லை. முடிவு வரை அனைவரும் மேசையில் இருப்பர். குடும்ப ஆட்டத்துக்கு இது எத்துணை முக்கியம் என்பதை அவர்கள் நன்கு உணர்ந்துள்ளனர்.

நம் நாட்டிலும் இந்த மரபுக்குக் குறைவில்லை. சிங்கள மக்கள் சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் ஆடும் ‘ஒலிந்த கெலிய’ நமது பல்லாங்குழியின் உடன்பிறப்பே. ஒலிந்த என்பது குன்றிமணி. குழிகள் செதுக்கிய பலகையில் அம்மணிகளை இட்டு ஆடுவர். ‘பஞ்ச கெலிய’ சோகிகளைச் சிரட்டையிற் குலுக்கி ஆடுவது. நமது தாயத்துக்கு உறவு. 1909இல் வெளியான ‘பண்டைய இலங்கை’ என்ற நூலில் ஹென்றி பாக்கர் இந்நாட்டு மக்களின் இத்தகைய ஆட்டங்களை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். மொழியாற் பிரிந்து நிற்கும் இரு சமூகத்துப் பாட்டிமாரும் ஒரே குழியில் ஒரே மணியை இட்டு எண்ணியிருக்கிறார்கள் என்பதை எண்ணும்போது மனம் ஏதோ செய்கிறது.

பல்லாங்குழியில் 14 குழிகள். குழியில் நான்கு மணி சேர்ந்தால் அது ‘பசு’. எண்ணத் தெரியாத பிள்ளை இரண்டு கிழமை ஆடினால் எண்ணப் பழகிவிடும். ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு, 23 புள்ளிகள். புலி பாய்ந்து ஆட்டை வெட்டும். ஆடுகளோ சிதறாமல் ஒன்றுசேர்ந்து நின்றால் புலியை அசையவிடாமற் கட்டிவிடும். வலியவனை எளியவர் வெல்லும் வழியைச் சொல்ல இதைவிட எளிய பாடநூல் ஏது?

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன்.

நாங்கள் வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர்கள். எங்கள் வீட்டு விறாந்தைக்குச் சீமெந்து பூசிய நாளில், அது காயுமுன்பே அம்மப்பா ஓர் ஆணியால் ஏழுக்கு ஏழாகத் தாயக் கட்டம் கீறினாராம். அம்மம்மா ஆட ஆசைப்பட்டதால் கீறியது. நான் பிறந்தபோது அம்மப்பா இல்லை, கட்டம் இருந்தது. புளியங்கொட்டைகள் நான்கை எடுத்து ஒரு பக்கத்தைப் படிக்கல்லில் தேய்த்து வெள்ளையாக்குவோம். நான்கையும் உருட்டும்போது ஒன்று மட்டும் வெள்ளையாக விழுந்தால் தாயம். தாயம் விழாமல் எந்தக் காயும் கட்டத்துக்குள் நுழைய முடியாது. குறுக்குக் கோடிட்ட கட்டம் ‘மலை’. அங்கே இருக்கும் காயை எவரும் வெட்டமுடியாது. சுற்றி முடித்து நடுக் கட்டம் சேர்ந்தால் ‘பழம்’. சிவராத்திரி இரவுகளில் அயலட்டைப் பிள்ளைகள் எல்லாரும் அந்த விறாந்தையிலேதான்.

என் காயை யாராவது வெட்டினால் நான் அழுவேன். அப்போது அம்மம்மா சொல்லுவா: “ஏனடா அழுகிறாய்? வெட்டுப்பட்டது செத்துப்போகேல்லை. திரும்பத் தாயம் போட்டால் உள்ளுக்கு வரலாம்.”

1990ஆம் ஆண்டு நடுப்பகுதியில் நாங்கள் அந்த வீட்டை விட்டுப் புறப்பட்டோம். எனக்குப் பத்து வயது. நாலைந்து நாளில் திரும்பலாம் என்று எண்ணி, கதவைப் பூட்டித் திறப்பை அம்மம்மா முந்தானையில் முடிந்துகொண்டா. உறவினர் வீட்டிலே ஓர் அறையில் எட்டுப் பேர் வாழ்ந்தோம். குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலம். பற்றறி கிடையாது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்போம். இந்த நிகழ்ச்சியைப் போன்ற இலக்கிய நிகழ்ச்சிகளை நான் முதலிற் கேட்டதும் அப்படித்தான். ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் அம்மம்மா கரித்துண்டால் தரையிலே கட்டம் கீறுவா. காலையில் அம்மா அதைக் கழுவுவா. மாலையில் மீண்டும் கீறுவா. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு மழையில் தென்மராட்சி நோக்கி நடந்தோம். அங்கே பாடசாலையொன்றின் மண்டபத்தில் வெண்கட்டித் துண்டொன்று கிடைத்தபோதும் அம்மம்மா முதலிற் கீறியது தாயக் கட்டத்தைத்தான். அன்றைக்கு எங்களுடன் ஆடிய பிள்ளைகளிற் பலரை முன்பின் கண்டதில்லை. கொட்டை உருண்டதும் எல்லாரும் உறவாகிவிட்டோம்.

அம்மம்மா 2003இல் வாடகை வீடொன்றில் காலமானா. திறப்பு அப்போதும் அவவின் பெட்டிக்குள் இருந்தது.

2016இல் எங்கள் காணி விடுவிக்கப்பட்டது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். 26 ஆண்டுகள். கூரை இல்லை, கதவு இல்லை; ஆகவே திறப்புக்கும் வேலை இல்லை. சுவர்கள் அரைகுறையாக நின்றன. அறைக்குள் வேம்பொன்று வளர்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எது குசினி, எது சாமியறை என்று எனக்கு மட்டுக்கட்டத் தெரியவில்லை. அம்மா ஒரு கிளையை முறித்து, சருகைப் பெருக்கத் தொடங்கினா. பெருக்கிக்கொண்டு வந்தவ ஓரிடத்தில் நின்றா. குந்தியிருந்து கையால் மண்ணைத் தள்ளினா. சீமெந்திலே கோடுகள் தெரிந்தன. மலைக் கட்டத்தின் குறுக்குக் கோடு அப்படியே இருந்தது. கோட்டுப் பள்ளங்களில் வேப்பங்கொட்டைகள் நிறைந்து கிடந்தன.

“இது அப்பு கீறினது” என்றா அம்மா. வேறொன்றும் சொல்லவில்லை.

மருதன் இளநாகனார் கண்ட காட்டுக்கோழி முட்டை எனக்கு அங்கேதான் விளங்கியது. பட்டப் படிப்பில் அந்தப் பாட்டுக்கு நான் எழுதிய விடைக்கு நல்ல புள்ளி கிடைத்ததுண்டு. ஆனால் விளங்கியது அன்றுதான்.

2018இல் அதே அத்திவாரத்தில் வீடு கட்டினோம். விறாந்தைக்குத் தரையோடு பதிக்க வந்த மேசனிடம், அந்த மூன்றடிச் சதுரத்தை மட்டும் விட்டுவிடும்படி அம்மா கேட்டா. “வடிவாயிராதம்மா” என்றார் மேசன். “வடிவில்லாட்டிப் பரவாயில்லை” என்றா அம்மா. அவர் விட்டுவிட்டார்.

நேயர்களே, இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சதுரத்தின்மேல் நாங்கள் என்ன வைத்திருந்தோம் தெரியுமா? செருப்புத் தட்டு. வாசலுக்கு அருகில் வசதியான இடமென்று நானேதான் வைத்தேன். வகுப்பறையில் ஆண்டுதோறும் புறநானூற்று ஆட்டக் குழிக்காகக் குரல் தழுதழுத்தவன், வீட்டில் அம்மப்பாவின் கட்டத்தின்மேல் செருப்புகளை அடுக்கி வைத்திருந்தேன். நான்கு ஆண்டுகளாக அம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மொனோபொலியில் மகன் அழுத மறுநாள் மாலையும் மின்சாரம் நின்றது. நான் செருப்புத் தட்டைத் தூக்கி முற்றத்தில் வைத்தேன். சதுரத்தைக் கழுவித் துடைத்தேன். அம்மா உள்ளேயிருந்து நான்கு புளியங்கொட்டைகளைக் கொண்டுவந்தா. ஒரு பக்கம் ஏற்கெனவே தேய்த்து வெள்ளையாயிருந்தன. எப்போது தேய்த்தா என்று நான் கேட்கவில்லை.

மகளுக்கும் மகனுக்கும் பத்து நிமிடத்தில் விதி விளங்கிற்று. எழுபது வயதைத் தாண்டிய பாட்டியும் எட்டு வயதுப் பேரனும் சரிநிகராக ஆடும் ஆட்டமொன்றை அன்றுதான் என் மனைவி முதலிற் பார்த்தாள். கொட்டை விழுவது ஊழ். எந்தக் காயை நகர்த்துவது என்பது அறிவு. முழுவதும் ஊழானால் பெரியவருக்குச் சலிக்கும். முழுவதும் அறிவானால் சிறியவர் தோற்றுக்கொண்டே இருப்பர். இரண்டும் அளவாகக் கலந்த ஆட்டத்திலேதான் குடும்பம் முழுவதும் கூடியிருக்க முடியும்.

மகனின் காய் பழமாக இன்னும் மூன்று கட்டமே இருந்தபோது அக்கா வெட்டிவிட்டாள். அவன் உதடு பிதுங்கியது. நான் வாய்திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டா.

“ஏன் ராசா அழுகிறாய்? வெட்டுப்பட்டது செத்துப்போகேல்லை. திரும்பத் தாயம் போட்டால் உள்ளுக்கு வரலாம்.”

அவன் கண்ணைத் துடைத்துவிட்டுக் கொட்டைகளைக் கையில் எடுத்தான்.

தமிழில் தாயம் என்ற சொல்லுக்குக் கவறில் விழும் ஒன்று என்பது மட்டும் பொருளன்று. முன்னோரிடமிருந்து வழிவழி வரும் உரிமைக்கும் தாயம் என்றே பெயர். இரண்டு பொருளும் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்து அமர்ந்தன என்ற ஆராய்ச்சியைச் சொற்பிறப்பியல் அறிஞரிடம் விட்டுவிடுகிறேன். அந்த இரவில் எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன.

ஆகவே, வீட்டுக்கு எந்த ஆட்டத்தைத் தெரிந்தெடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் கண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். பந்தயம் வேண்டாம், ஐந்து ரூபாயாயினும் வேண்டாம். தோற்றவரை வெளியேற்றும் ஆட்டத்தைச் சிறுவர் உள்ள வீட்டில் தவிர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் உறங்கும் நேரத்துக்குள் முடியக்கூடியதாக இருக்கட்டும். ஊழும் அறிவும் கலந்திருக்கட்டும். பெட்டியில் வருவதெல்லாம் தீதென்று நான் சொல்லவரவில்லை. லூடோவும் பாம்பும் ஏணியும் நம் வீட்டிலிருந்து போன பிள்ளைகளே. ஆயினும், கரித்துண்டொன்றும் புளியங்கொட்டை நான்கும் இருந்தால் எந்தத் தரையிலும் எந்த நேரத்திலும் மீண்டும் கீறக்கூடிய ஓர் ஆட்டத்தையாவது உங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கிவையுங்கள். எதையும் எடுத்துக்கொண்டு போகமுடியாத ஒரு நாளிலும் அது அவர்களுடன் போகும்.

மின்சாரம் இப்போது ஒழுங்காக வருகிறது. ஆனாலும் வெள்ளிக்கிழமை இரவுகளில் எங்கள் விறாந்தையில் கொட்டை உருளும் ஓசை கேட்கும். செருப்புத் தட்டு இன்னும் முற்றத்திலேதான் இருக்கிறது. மழை பெய்தால் செருப்புகள் நனைகின்றன. பரவாயில்லை.